ரிசர்வ் விளக்கு எரியும் வண்டியில் மலை ஏற்றினார்கள்: வாடகைக் காரில் வால்பாறை செல்வோர் கவனத்துக்கு

கோயம்புத்தூரிலிருந்து வால்பாறைக்கோ ஊட்டிக்கோ மூணாறுக்கோ டிராவல்ஸ் கார் பேசிக் குடும்பத்தோடு போகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வண்டி வாசலுக்கு வந்ததும், பெட்டிகளை டிக்கியில் ஏற்றுவதற்கு முன்னால், டிரைவர் பக்கம் போய் சாவியைத் திருகச் சொல்லி டீசல் முள் எங்கே நிற்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் அந்த முள் உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாமல் போனது அப்படித்தான். அதைத் தெரியவிடாமல் வைத்திருந்ததும் அந்த டிராவல்ஸ் உரிமையாளர்தான்.

பேச்சு தெளிவாகவே நடந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு, மலைப்பாதை என்பதால் ஹில்ஸ் சார்ஜ் தனியாக இவ்வளவு என்று பிரித்துச் சொன்னார். டீசல், டோல், பார்க்கிங் எல்லாம் இதற்குள் அடக்கம் என்றும், புறப்படும் முன்பே முழுத் தொகையும் வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டார். வந்தது மஞ்சள் போர்டு போட்ட டீசல் செடான், துடைத்துப் பளிச்சென்று இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த என் அம்மாவுக்குக் கால் நீட்ட வசதியாக முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அவரை அமர்த்தினோம். நானும் என் மனைவியும் பின்னால் உட்கார்ந்தோம்.

கிணத்துக்கடவிலும் பொள்ளாச்சியிலும் வரிசையாக பங்க்குகள் இருக்கின்றன. ஒன்றிலும் வண்டி நிற்கவில்லை. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி முதல் வளைவுகள் தொடங்கியதும் டிரைவர் ஏ.சி.யை நிறுத்தினார். மலையில் வண்டி இழுக்காது என்று காரணம் சொன்னார். சிறிய எஞ்சின் கார்களில் அது உண்மையும்கூட என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், எல்லோரும் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்க்கும் அந்த இடத்தில் இறங்கியபோதுதான், முன் கதவு வழியாக டேஷ்போர்டில், டீசல் தீரப்போவதைக் காட்டும் ஆரஞ்சு நிற ரிசர்வ் விளக்கு எரிவதைப் பார்த்தேன். கேட்டதும் அந்தப் பையன் மறைக்கவில்லை. “காலைல வண்டி எடுக்கறப்பவே எரிஞ்சுதுங்க சார். முதலாளிக்குக் கணக்கு இருக்கற பங்க் வேற ரூட்டுங்க. இங்க போடணும்னா என் கைக்காசுதான் போடணும்” என்றான்.

திரும்பிப் பொள்ளாச்சிக்குப் போய் டீசல் போட்டுக்கொண்டு வரலாம் என்று அங்கேயே சொன்னேன். அவன் உரிமையாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். “வண்டி எத்தனை கிலோமீட்டர் காட்டுது?” என்று கேட்டார். ஐம்பதுக்குச் சற்று மேல் காட்டியது. “வால்பாறை இன்னும் முப்பத்தஞ்சுகூட இல்ல, அங்க பங்க் இருக்குது, போயிருங்க. திரும்பி வந்தா அந்தக் கிலோமீட்டரை யார் குடுப்பா?” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சிக்னலும் இல்லை. வண்டியை எங்கே திருப்புவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அந்த டிரைவருக்கும் இல்லை.

உரிமையாளர் நம்பச் சொன்ன அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் காரில் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று டேஷ்போர்டு காட்டுவது, அதுவரை வண்டி என்ன மைலேஜ் கொடுத்ததோ அந்தச் சராசரியை, தொட்டியில் இருப்பதாக மிதவை சொல்லும் அளவோடு பெருக்கி வரும் கணக்கு. கோயம்புத்தூரிலிருந்து ஆழியாறு வரை பெரும்பாலும் சமவெளிச் சாலை; லிட்டருக்கு இருபது கொடுத்த வண்டி, இரண்டாவது கியரில் வளைவுக்கு வளைவு ஏறும்போது அதில் பாதிகூடக் கொடுக்காது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது ஏற்றமா இறக்கமா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, எரிபொருள் மிகவும் குறைந்ததும் பல கார்களில் எண்ணே மறைந்து வெறும் கோடுகள்தான் தெரியும். நாங்கள் புறப்பட்ட சிறிது நேரத்தில் எங்கள் வண்டியிலும் கோடுகள்தான் தெரிந்தன. சரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொட்டியில் மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று லிட்டர், வண்டி சாய்வதற்கேற்ப ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் அந்த நேரத்தில் வெளியே தெரிந்துவிட்டால், டீசல் இருந்தும் குழாய்க்குள் போவது காற்றுதான்.

அட்டகட்டியைத் தாண்டி ஒரு வளைவில் ஏறும்போது வண்டி திணறியது. இரண்டு மூன்று முறை குலுங்கிவிட்டு எஞ்சின் நின்றது. பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் ஒருசேர எரிந்தன. டிரைவர் பிரேக்கை அழுத்தியதும் வண்டி நின்றது; மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்காகக் காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதித்தபோது மிதி இறங்கவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட அழுத்தம், எஞ்சின் ஓடும்போதுதான் நிரம்பும்; எஞ்சின் நின்ற பிறகு ஓரிரு மிதிப்புக்குத்தான் அது மிச்சம் இருக்கும். அதன்பின் முழு பலத்தோடு மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அவன் இருக்கையிலிருந்து எழும்பி, இரண்டு காலாலும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, சாலையோரக் கட்டைச்சுவருக்குச் சில அடிகள் முன்னால் வண்டியை நிறுத்தினான். என் அம்மா கதவின் கைப்பிடியைப் பற்றிய பிடியை வெகுநேரம் விடவில்லை.

பின்னால் ஏறி வந்த அரசுப் பேருந்து நின்றது. நடத்துநர் இறங்கி வந்து, தாமே கல் தேடிப் பின்சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தார். அம்மாவையும் என் மனைவியையும் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றி வால்பாறைக்கு அழைத்துப் போனார். அந்த மனிதருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகும் சாலை அது. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் இடம். அங்கே டிரைவரும் நானும் காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் அவன் சொன்னவைதான் இந்தப் பதிவை எழுத வைத்தன. ஒவ்வொரு டிரிப்புக்கும் அளந்துதான் டீசல் காசு வரும். மிச்சம் பிடித்தால் பாராட்டு, கூடுதலாகப் போட்டால் பேட்டாவில் பிடித்தம். அதனால் வண்டி எப்போதும் ரிசர்வ் விளக்கோடுதான் திரும்பும். அடுத்த வாடிக்கையாளர் ஏறும்போதும் அதே நிலைதான். மலை இறங்கும்போது டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவார்களாம், சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்களாம். இதைக் கேட்டபோது எனக்கு நடுக்கமே வந்தது. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான், எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். ஆக அதில் மிச்சம் ஏதும் இல்லை. எஞ்சின் பிடித்துக் கொடுக்கும் வேகக் கட்டுப்பாடு போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போவதுதான் நடக்கும்.

எஸ்டேட் பிக்கப் ஒன்றில் தகர டின்னில் டீசல் வந்து சேர்ந்தது. ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை. டீசல் வண்டியில் தொட்டி வறண்டுபோனால் குழாய் நெடுகக் காற்று ஏறிவிடும். அந்தக் காற்றை வெளியேற்றாமல் எத்தனை முறை சாவியைத் திருகினாலும் பேட்டரிதான் இறங்கும். வால்பாறையிலிருந்து வந்த மெக்கானிக், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தினார். முதலில் நுரை கொப்பளித்து வந்தது, பிறகு கோத்துக்கொண்டு குமிழிகள், வெகுநேரம் கழித்துத்தான் சுத்தமான டீசல். வண்டி கிளம்பிய பிறகும் முன்பு இல்லாத ஒரு கரகரப்பு எஞ்சின் பக்கம் கேட்டது. “பம்ப் அடி வாங்கிருச்சு” என்றார் அவர்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல். இன்றைய டீசல் கார்களில் இருக்கும் காமன் ரெயில் வகை எஞ்சினின் உயரழுத்தப் பம்ப், டீசலை 1,000 பாரையும் தாண்டிய அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. அந்தப் பம்புக்கு உராய்வைக் குறைப்பதும் அதே டீசல்தான், தனி எண்ணெய் கிடையாது. டீசலுக்குப் பதில் காற்று வந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும், உதிரும் துகள், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குள் போகும். பெட்ரோல் காருக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதன் மின் பம்ப் தொட்டிக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. எப்போதும் வற்றிய தொட்டியோடு ஓட்டினால் அது சூடேறிச் சீக்கிரம் போய்விடும். பெட்ரோல் விட்டு விட்டு வந்து எஞ்சின் தடுமாறும்போது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். தொட்டி வற்றினால்தான் அடிக்கசடு உள்ளே போகும் என்று பலர் சொல்வது பாதிதான் சரி, ஏனென்றால் உறிஞ்சும் வாய் எப்போதும் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் எரிபொருள் வளைவுக்கு வளைவு அலம்பும்போது, அடியில் தங்கிய கசடும் தண்ணீரும் கலங்கி அதிகமாக உள்ளே போகும் என்பது உண்மை.

இவ்வளவுக்கும் பிறகு உரிமையாளர் நடந்துகொண்டதுதான் உச்சம். மாற்று வண்டி அனுப்ப மறுத்தார். மெக்கானிக் கூலியை நான்தான் கொடுத்தேன். வண்டி வால்பாறையிலேயே நின்றுவிட்டதால், முடியாத முழங்காலோடு இருந்த அம்மாவை அரசுப் பேருந்தில்தான் ஊருக்கு அழைத்து வந்தோம். திரும்பும் பயணத்துக்கான பணத்தைக் கேட்டபோது, வண்டி நின்ற நேரத்துக்கு வெயிட்டிங் சார்ஜ் போட்டுக் கழித்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரம் பம்ப் மாற்றிய பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நாங்கள் ஏ.சி. போடச் சொன்னதால்தான் டீசல் தீர்ந்தது என்று எழுதி, அதில் பாதியைக் கேட்டார். ஆழியாறு முதல் ஏ.சி. ஓடவே இல்லை. அந்த டிரைவரின் சம்பளத்திலும் பிடித்திருக்கிறார். இது கவனக்குறைவு அல்ல. ஹில்ஸ் சார்ஜை வாங்கிக்கொண்டு, மலைக்கு வேண்டிய டீசலை மட்டும் போடாமல் அனுப்புவது ஏமாற்று வேலை.

ஆகவே வண்டி பேசும்போதே, புறப்படும் இடத்தில் குறைந்தது அரைத் தொட்டி டீசல் இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டி வந்ததும் டீசல் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, உரிமையாளருக்கே அனுப்பி வையுங்கள். விளக்கு எரிந்தால் முதல் பங்க்கிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், நீங்கள் டீசல் போட்டு, ரசீதை வாங்கி, வாடகையில் கழிப்பதாக அங்கேயே எழுதி அனுப்புங்கள். வழியில் தீர்ந்தால் பாட்டிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் பங்க்கில் தரமாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், ஆனால் ஆழியாறு மலைப்பாதை போன்ற சாலையில் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. ஓடும்போதே வண்டி திணற ஆரம்பித்தால், எஞ்சின் நிற்பதற்குள் ஓரம் கட்டச் சொல்லுங்கள். நின்ற பிறகு பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் செலுத்திய விவரம், உரிமையாளரின் செய்திகள், மெக்கானிக்கின் ரசீது, பேருந்து டிக்கெட் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் வண்டி எண்ணோடு எழுதியிருக்கிறேன். இதை எழுதும் இன்று வரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. பம்ப் பில்லில் பாதியைக் கேட்கும் செய்தி மட்டும் மறுபடியும் வந்திருக்கிறது.