நான்காம் டிவிஷன் ஃபைனல்: குரோக் பார்க்கா, ஊர் மைதானமா?

அயர்லாந்தின் கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) மோதும் கேலிக் கால்பந்து லீக்கில் நான்காம் டிவிஷன்தான் கடைசிப் படி. அதன் ஃபைனலுக்கு வரும் இரு அணிகளும் முன்பே மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டவை. மிச்சம் கோப்பைதான். அந்த ஃபைனலை எங்கே ஆடுவது?

இடம்: டப்ளினில் உள்ள பெரிய மைதானமான குரோக் பார்க்கில் 82,300 பேர் கொள்ளும். இந்த ஃபைனலில் ஆடியிருக்கும் லீட்ரிம் கவுன்டியின் மக்கள்தொகையே சுமார் 35,000. குழந்தை குட்டியோடு ஊரே கிளம்பினாலும் பாதிக்கு மேல் காலி!

சத்தம்: தல்லமோர் மாதிரி ஊரில் சில ஆயிரம் பேர் கத்தினாலே காது அடைக்கும். குரோக் பார்க்கில் அது காலி நாற்காலிகளில் கரைந்துவிடும்.

செலவு: இரு அணி ரசிகர்களுக்கும் நடுவழியில் இருக்கும் ஊர்தான் மலிவு.

ஆசை: இங்கே குரோக் பார்க்கை அடிக்க ஆளில்லை. 2019 ஃபைனலில் லீட்ரிம் அங்கே டெர்ரி கவுன்டியிடம் தோற்றது. சரி, அந்தப் புல்லில் ஆடியாயிற்றே!

அடிக்கடி ஏறி இறங்கும் அணிகளுக்கு ஊர் மைதானம் போதும். அபூர்வமாக வருபவர்களுக்குக் குரோக் பார்க்கையே கொடுக்கலாம்.