திருமலை டவுண்ல உளவியல் டிப்ளோமா: படிக்க நல்லம், வாசல் போர்ட்டை நம்பிப் போகாதீங்க

ஏஎல் முடிச்ச பிள்ளைகள் நிறையப் பேர் இப்ப சைக்காலஜி டிப்ளோமா பற்றிக் கேக்கினம், அதால எழுதுறன். நான் படிச்சது டவுண்ல ஒரு இன்ஸ்டிடியூட்ல, வீக்கென்ட் கிளாஸ், பேர் வேண்டாம். 45,000 ரூபா, மூண்டு தவணையில கட்டலாம். காசுக்குப் பெறுமதியா எண்டா முதல் பாதி ஓம், ரெண்டாம் பாதி இல்லை.

முதல் பாதி எடுத்த சேர் நோட்ஸ் சொல்லி எழுத விடுற ஆள் இல்லை. ஒரு நாள் ரெண்டு கார் மோதுற வீடியோ போட்டார், முடிய ஆளுக்கொரு துண்டுப் பேப்பர், கார் என்ன ஸ்பீட்ல வந்தது எண்டு ஒரே ஒரு கேள்வி. எழுதிக் குடுத்தா போர்ட்ல ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதிக்கொண்டு போறார், ஒரு பக்கம் 70, 80, மற்றப் பக்கம் 50, 60. பாத்தா பாதிப் பேரின்ட பேப்பர்ல 'முட்டினபோது' எண்டும் மற்றப் பாதிக்கு 'அடிச்சு நொறுக்கினபோது' எண்டும் இருந்திருக்கு! பிறகுதான் சொல்றார், இது எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல செய்தது, அவை ஒரு கிழமை கழிச்சு உடைஞ்ச கண்ணாடி கண்டீங்களா எண்டும் கேட்டிருக்கினம், நொறுக்கின எண்டு கேள்வி போன 50 பேரில 16 பேர் கண்டதாச் சொல்லியிருக்கினம், முட்டின எண்டு போன 50 பேரில 7 பேர், வீடியோவில கண்ணாடி உடையவே இல்லை. எனக்குப் பின்னால இருந்த கிண்ணியாப் பிள்ளை 'அப்ப கோர்ட்ல சாட்சி சொல்றதெல்லாம் என்ன சேர்?' எண்டு கேட்டிச்சு, அண்டைக்கு டீ டைம் இல்லாமலே போயிட்டு.

கண்ணாடியில பாத்து நட்சத்திரம் கீற வைச்சதும் அப்பிடித்தான், முதல்ல எல்லாற்ற பென்சிலும் எதிர்ப்பக்கம் போகுது, கீறக் கீற கை பழகுது. 1953இல ஒப்பரேஷன்ல, மூளையில புது ஞாபகம் பதியத் தேவையான ஹிப்போகேம்பஸில ரெண்டு பக்கமும் பெரும்பகுதியை இழந்த ஹென்றி மொலைசனும் இதை நாளுக்கு நாள் திறமாக் கீறினவர், ஆனா முதல் நாள் கீறினதே அவருக்கு ஞாபகம் இல்லை. சத்தம் கேட்டா சாப்பாடு வருமெண்டு நாய்க்கு எச்சில் ஊறப் பழக்கின பவ்லோவின்ட பாடத்துக்கு நாயோட நிக்காம, கோட்டைப் பக்கம் நிக்கிற மான் ஷொப்பிங் பை சரசரத்தா கிட்ட வாற கதையைச் சொன்னார், திருமலை ஆளுக்கு அதுக்கு மேல என்ன விளக்கம்.

ஸ்டாட்ஸ், அதான் புள்ளிவிபரக் கணக்கு, இருக்கு, முதலே சொல்லிட்டன். முகத்தைப் பாத்து மனசை வாசிக்கப் பழகலாம் எண்டு வந்தவை ஸ்டாண்டர்ட் டீவியேஷனோட கழண்டிட்டினம். கம்பஸ்ல டிகிரி செய்தாலும் இதில இருந்து தப்பேலாது.

ரெண்டாம் பாதிக்கு வேற ஆள், முழுக்க ஸ்லைட் வாசிப்பு. பெடியங்களைக் காவலாளியும் கைதியுமா நடிக்க விட்ட 1971 ஸ்டான்போர்ட் சிறைப் பரிசோதனையை வேதவாக்கு மாதிரிச் சொல்லிட்டுப் போறார், காவலாளியா நடிச்ச பெடியங்களுக்குக் கடுமையா நடக்கச் சொல்லிக் குடுத்தது பிறகு ஆதாரத்தோட வெளிய வந்தது பற்றி மூச்சே இல்லை. ஆனா எனக்கு உண்மையிலயே கோபம் வந்தது ட்ரோமா, அதான் மனசில பட்ட காயம், அந்தப் பாடத்தில. போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஆக்கள் அந்தக் கிளாஸ்லயே இருக்கினம், ஒரு அக்கா நிலாவெளியில இருந்து வாறவ, ஸ்லைட்ல வியட்நாம் போன அமெரிக்கச் சிப்பாய் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில மனநல வைத்தியரா இருந்து தயா சோமசுந்தரம் எங்கட சனத்தைப் பற்றி எத்தினை வருசமா எழுதியிருக்கிறார், அதில ஒரு வரி கூட இல்லை. அந்த அக்கா கேள்வி கேக்க கை தூக்கினவ, 'டைம் இல்லை' எண்டிட்டு அடுத்த ஸ்லைட்.

வாசல் போர்ட்ல 'கவுன்சிலர் ஆகலாம்' எண்டு பெரிசா இருக்கு. கவுன்சிலிங் பழக்கம் எண்டு நடந்தது ஒரு பின்னேர ரோல் பிளே, அதில பாதி நேரம் சிரிப்பு. இந்த சர்டிபிக்கேட்டை வைச்சு ஒருத்தரையும் இருத்திக் கதைக்க வெளிக்கிடாதீங்க, கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆகிறதெண்டா டிகிரிக்கு மேலயும் படிக்கோணும், சுப்பர்விஷனோட ஆக்களைப் பாத்துப் பழகோணும். சேர முதல், படிப்புகளை லெவல் லெவலாத் தரம் பிரிக்கிற இலங்கைச் சட்டகமான எஸ்எல்கியூஎஃப்ல இது எத்தினையாம் லெவல் எண்டு எழுத்தில தரச் சொல்லிக் கேளுங்க, டிகிரி 5, ஒனர்ஸ் டிகிரி 6, நான் கேட்டதுக்கு ஒபிஸ்ல சிரிப்புத்தான் பதில்.

முதல் பாதிக்கு மட்டும் காசு கட்டேலுமா எண்டும் கேட்டுப் பாருங்க, எங்களுக்குப் பிறகு வந்த பட்ச்ல ரெண்டு பேருக்கு ஓம் எண்டிருக்கினம்.