வீட்டு ரூட்டருக்கு மாற்று ஃபர்ம்வேர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டு ரூட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு எந்த மாற்று சிறந்தது என்ற கேள்வி பெரும்பாலும் ரூட்டரை வாங்கிய பிறகே எழுகிறது. ஓபன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, ஃபிரெஷ்டொமேட்டோ, ஏசஸ் ரூட்டர்களுக்கான மெர்லின் ஆகிய நான்கையும் வெவ்வேறு கருவிகளில் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த அளவில், இதற்கான விடையில் பாதிக்கு மேல் ரூட்டருக்குள் இருக்கும் வைஃபை சிப்பே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது என்பேன். வசதிகளை ஒப்பிடும் அட்டவணைகளைப் புரட்டுவதற்கு முன், அந்தச் சிப் யாருடைய தயாரிப்பு என்று பார்ப்பதே உருப்படியான வேலை.

பிராட்காம் நிறுவனத்தின் சிப்புகளை முழுத் திறனோடு இயக்கும் மென்பொருளான டிரைவரின் மூலநிரல் வெளியே கிடைப்பதில்லை. அதனால், திறந்த டிரைவர்களை நம்பி நிற்கும் ஓபன்டபிள்யூஆர்டியை அத்தகைய ரூட்டரில் நிறுவ முடிந்தாலும், வைஃபை அரைகுறையாகவே இயங்கும். சில மாதிரிகளில் இயங்கவே இயங்காது. ஃபிரெஷ்டொமேட்டோவும் மெர்லினும் பிராட்காமின் மூடிய டிரைவரையே எடுத்துக்கொள்வதால், அங்கே அலைவீச்சும் வேகமும் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்கு ஈடாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டதோ, அந்தப் பதிப்போடு ஃபர்ம்வேரும் கட்டுண்டுவிடுகிறது. ஃபிரெஷ்டொமேட்டோவின் ஆர்ம் வகைச் செயலிகளுக்கான பதிப்புகள் மிகப் பழைய 2.6.36 கெர்னலைச் சுமந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம். அதன் உருவாக்குநர்கள் மேலே இயங்கும் மென்பொருள்களை விடாமல் புதுப்பிக்கிறார்கள் என்பது உண்மைதான்; அடித்தளம் பழையது என்பதும் உண்மை.

மீடியாடெக் சிப் என்றால் நிலைமை வேறு. எம்டி76 என்ற அதன் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. நிறுவனத்தின் பொறியாளர்களும் அதற்குப் பங்களிக்கிறார்கள். ஏதரோஸின் பழைய 802.11என் சிப்புகளும் ஓபன்டபிள்யூஆர்டியில் மிகவும் நம்பகமாக ஓடுபவை. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் மீடியாடெக்கின் ஃபிலாஜிக் வரிசைச் சிப் கொண்ட ரூட்டரைத்தான் தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது நினைவகம். 4 எம்பி ஃபிளாஷும் (ஃபர்ம்வேர் சேமிக்கப்படும் இடம்) 32 எம்பி ரேமும் கொண்ட பழைய ரூட்டர்களுக்கான ஆதரவை ஓபன்டபிள்யூஆர்டி 19.07 வரிசையோடு நிறுத்திவிட்டது. இப்போது 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் என்பது குறைந்தபட்சத் தேவை. கூடுதலாக ஏதாவது நிறுவும் எண்ணம் இருந்தால் 16 எம்பி, 128 எம்பி இல்லாமல் இறங்க வேண்டாம்.

மாற்று ஃபர்ம்வேரால் இணைய வேகம் கூடும் என்ற எதிர்பார்ப்போடு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர், தரவுப் பொட்டலங்களை முன்னும் பின்னும் கடத்தும் வேலையைச் சிப்பில் உள்ள தனி வன்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறது. மாற்று ஃபர்ம்வேரில் அந்த வசதி சில சிப்புகளுக்கே உண்டு. இல்லாதவற்றில் எல்லாச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழுவதால், உச்ச வேகம் குறையவும் கூடும். எனக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம் வேகத்தில் அல்ல, தாமதத்தில்.

வீட்டில் ஒருவர் பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றும்போது இன்னொருவரின் காணொளி அழைப்பு திக்கித் திணறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். இணைப்பின் கொள்ளளவு போதாமல் இப்படி நடப்பதாகத் தோன்றும். பல வேளைகளில் காரணம் அதுவல்ல. மோடத்திலும் ரூட்டரிலும் தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடையகங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதால், பதிவேற்றத்தின் பொட்டலங்கள் அங்கே நீண்ட வரிசையாகத் தேங்குகின்றன. அழைப்பின் சிறு பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில் நின்றாக வேண்டியிருக்கிறது. பஃபர்புளோட் என்று அழைக்கப்படும் இந்தச் சிக்கலை முன்வைத்து, டேவ் டாட் உள்ளிட்டோர் ஓபன்டபிள்யூஆர்டியின் கிளையான செரோடபிள்யூஆர்டியில் நடத்திய சோதனைகளின் வழியாக வளர்ந்தவையே எஃப்க்யூ-கோடல், கேக் என்னும் வரிசை மேலாண்மை முறைகள். முதலாவது 2012இலும் இரண்டாவது 2018இலும் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தன.

ஓபன்டபிள்யூஆர்டியில் இந்த முறைகளை இயக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, கேக்கைத் தேர்ந்தெடுத்து, அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 95 விழுக்காடு வரை உச்சவரம்பாகக் கொடுத்தால் போதும். தேக்கம் மோடத்தில் உருவாகாமல் ரூட்டருக்கே இடம்மாறுகிறது. ரூட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து முறைப்படி அனுப்புகிறது. வேகத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, சுமை ஏறிய நேரத்திலும் பிங் எனப்படும் மறுமொழித் தாமதம் ஏறாமல் இருக்கும் நிலையைப் பெறுகிறோம். இந்த ஒரு வசதிக்காகவே ஃபர்ம்வேரை மாற்றலாம் என்பது என் கருத்து. இங்கேயும் செயலியின் வலிமையைக் கணக்கில் எடுக்க வேண்டும்: எஸ்க்யூஎம்மும் வன்பொருள் வழிக் கடத்தலும் ஒன்றாகச் செயல்படா என்பதால், பழைய ஒற்றைக் கரு மிப்ஸ் செயலிகள் ஒருசில நூறு எம்பிபிஎஸ்ஸை எட்டும் முன்பே மூச்சு வாங்கிவிடும். கிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குப் பல கருக்கள் கொண்ட ஆர்ம் செயலி தேவை. அவ்வளவு பெரிய இணைப்பில் தேக்கமே அரிதாகத்தான் நேரும் என்பது வேறு விஷயம்.

விருந்தினர் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரிப்பது, வெளியிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்கை அடைவது, விளம்பரங்களைத் தளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் நிலையிலேயே தடுப்பது போன்றவை நான்கிலும் ஏதோ ஒரு வடிவில் சாத்தியம் என்பதால், தேர்வுக்கு அவற்றை அளவுகோலாக நான் கொள்வதில்லை.

பராமரிப்புதான் நீண்டகாலத்தில் கசப்பு கூடும் இடம். ஓபன்டபிள்யூஆர்டியின் 21.02 பதிப்பில் பல கருவிகளில் ஈதர்நெட் முனைகளைக் கையாளும் சுவிட்சின் அமைப்பு டிஎஸ்ஏ என்ற புதிய முறைக்கு மாறியபோது, அவற்றில் பழைய அமைப்புகளை அப்படியே கொண்டுசெல்ல முடியாமல் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 22.03இல் ஃபயர்வால் ஐபிடேபிள்ஸ் என்ற பழைய கருவியிலிருந்து என்எஃப்டிடேபிள்ஸ் என்ற புதியதற்கு மாறியதால், சொந்தமாக எழுதிச் சேர்த்த விதிகள் செல்லாமல் போயின. மேலும், வழக்கமான புதுப்பிப்பு அமைப்புகளைத்தான் காப்பாற்றும். நாம் தனியாக நிறுவிய தொகுப்புகளைக் காப்பாற்றாது. அவற்றையும் சேர்த்தே புதிய ஃபர்ம்வேரைக் கட்டித் தரும் அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு வசதி வந்த பிறகு இந்தத் தொல்லை பெரிதும் தணிந்தது. இத்தனைக்குப் பிறகும், தயாரிப்பாளர் எப்போதோ கைவிட்ட ரூட்டருக்குப் புதிய கெர்னலும் பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து கிடைப்பதை வேறெங்கும் நான் காணவில்லை.

டிடி-டபிள்யூஆர்டியில் கமாண்ட் லைன் பக்கமே போகாமல் இணைய இடைமுகத்திலேயே ஏராளமான அமைப்புகளை மாற்றலாம். பிராட்காம் கருவிகள் பலவற்றிலும் அது ஓடும். ஆனால் அதன் வெளியீட்டு முறை எனக்கு ஒத்துவரவில்லை. நிலையான பதிப்பு என்று ஒன்றைப் பற்றிக்கொள்ள வழியில்லாமல், எண்களால் அடையாளப்படுத்தப்படும் பீட்டா பதிப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. எது தன் ரூட்டரில் சரியாக ஓடும் என்பதைப் பயனரே மற்றவர்களின் அனுபவங்களைத் தேடிப் படித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மெர்லின் இதற்கு நேர்மாறு: ஏசஸின் ஃபர்ம்வேரையே அடிப்படையாகக் கொண்டு திருத்தங்களையும் சில வசதிகளையும் மட்டும் சேர்ப்பதால் பழகிய இடைமுகம் மாறுவதில்லை, வன்பொருள் முடுக்கமும் கைவிட்டுப் போவதில்லை. ஏசஸ் ஒரு மாதிரிக்கு ஆதரவை முடித்தால் மெர்லினும் நாளடைவில் விலகிக்கொள்ளும் என்பதும், பெரும்பாலும் எரிக் சோவாஜோ என்ற ஒருவரின் உழைப்பிலேயே அது நிற்கிறது என்பதும் கருத வேண்டியவை. ஜானதன் ஜராட்டே உருவாக்கிய மூல டொமேட்டோ 2010இல் 1.28 பதிப்போடு நின்றுபோனது. பிறர் அதைக் கிளைகளாக எடுத்து நடத்தியதால்தான் இன்று ஃபிரெஷ்டொமேட்டோ இருக்கிறது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது, ரூட்டரின் அடியில் ஒட்டப்பட்ட வில்லையில் உள்ள வன்பொருள் பதிப்பு எண். ஒரே பெயரில் விற்கப்படும் மாதிரியின் வி1, வி2 பதிப்புகளில் முற்றிலும் வேறு சிப்புகள் இருப்பது சர்வசாதாரணம். முதல் முறை நிறுவ ஃபேக்டரி கோப்பு, பிறகு புதுப்பிக்க சிஸ்அப்கிரேடு கோப்பு என்ற வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டியைப் புதிதாக நிறுவியதும் பெரும்பாலான கருவிகளில் வைஃபை அணைந்தே இருக்கும் என்பதால், ஈதர்நெட் கேபிள் இல்லாமல் தொடங்கக் கூடாது. உள்ளே நுழைந்தவுடன் கடவுச்சொல்லை அமைத்துவிட்டு, வைஃபைக்கு நாட்டுக் குறியீட்டைச் சரியாகக் கொடுத்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

மீட்பு வழி எது என்பதை நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவசியம். சில ரூட்டர்கள் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாகத் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரை ஏற்றுக்கொள்ளும். சிலவற்றை மூடியைத் திறந்து சீரியல் முனைகளில் கம்பி பொருத்தினால்தான் எழுப்ப முடியும். 2024இல் வெளியான ஓபன்டபிள்யூஆர்டி ஒன் ரூட்டரில் மீட்புக்கென்றே தனியாக ‘நார்’ வகை ஃபிளாஷ் நினைவகமும், எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்க ஒரு சிறு சுவிட்சும் வைத்திருக்கிறார்கள். பிற தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றினால் பாதிப் பயம் போய்விடும்.

உறவினர்கள் தங்கள் ரூட்டரையும் மாற்றித் தரச் சொல்லும்போது, தயாரிப்பாளரிடமிருந்து புதுப்பிப்புகள் இன்னும் வந்துகொண்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடச் சொல்கிறேன். மாற்று ஃபர்ம்வேரை நிறுவித் தருபவர், அடுத்த புதுப்பிப்புக்கும் அதற்கடுத்த புதுப்பிப்புக்கும் தானே பொறுப்பேற்றாக வேண்டும்.