படமே பட்டன்: ரேடியோவை எங்கே ஒளிப்பது?

பெங்களூரு அல்சூரில் நண்பர் நடத்தும் மெஸ்ஸுக்கு இணையத்தில் ஆர்டர் ஃபார்ம் செய்துகொடுத்தேன். இட்லி, பொங்கல், ஆப்பம் என்று படங்கள் இருக்கும். தொட்டால் தேர்வாக வேண்டும். உள்ளே இருப்பது சாதாரண ரேடியோ பட்டன்தான், பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கும் சின்ன வட்டம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் (CSS) மொழியில் அதை மறைக்கும் விதத்தில்தான் வழிகள் பிரிகின்றன.

லேபிளுக்குள் (தொட்டால் உள்ளே இருக்கும் பட்டனையே தொட்டதாகக் கொள்ளும் உறை) முதலில் ரேடியோவையும் அடுத்துப் படத்தையும் எழுதி, ரேடியோ ‘செக்டு’ (:checked, தேர்வானது) ஆனதும் பக்கத்துப் படத்துக்குக் கட்டம் போடுவது பழைய வழி. இன்று புழங்கும் எந்த பிரௌசரிலும் ஓடும். ஆனால் ரேடியோவை ‘டிஸ்ப்ளே நன்’ (display: none) என்று பக்கத்திலிருந்தே எடுத்து மறைத்தால் கீபோர்டால் ரேடியோவை எட்டவே முடியாது. நான் முதலில் அப்படித்தான் செய்திருந்தேன். லேப்டாப்பில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கும் பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்: “டேப் அடிச்சா நேரா ‘அனுப்பு’க்குப் போயிடுது சார், இட்லின்னு எப்படிச் சொல்றது?” அன்றிரவே மாற்றினேன். ‘ஒப்பாசிட்டி’ (opacity) 0 கொடுத்து முழுக்க ஊடுருவித் தெரியும்படி ஆக்கி, ரேடியோவைப் படத்தின் மேலேயே முழு அளவுக்கு விரித்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் கீபோர்டுக்கும் கிடைக்கும்.

அடுத்தது ‘அப்பியரன்ஸ் நன்’ (appearance: none). ரேடியோவின் தோற்றத்தை உரித்துவிட்டு, அதற்கே படத்தைப் பின்னணியாகக் கொடுப்பது. குரோம் 84, ஃபயர்ஃபாக்ஸ் 80, சஃபாரி 15.4 முதல், பிரௌசருக்கென்று தனி முன்னொட்டு (-webkit- போல) சேர்க்காமலே இதை ஏற்கின்றன. நிரல் சின்னது, அழகானது. ஆனால் பின்னணிப் படத்துக்கு ‘ஆல்ட்’ (alt, படத்துக்குப் பதிலாக வரும் எழுத்து) எழுத முடியாது. நெட் திணறிப் படம் வராவிட்டால் வெறும் கட்டம்தான் மிஞ்சும். எது பொங்கல், எது ஆப்பம் என்று யாருக்குத் தெரியும்?

புதியது ‘ஹேஸ்’ (:has). உள்ளே ரேடியோ தேர்வானால் வெளியே இருக்கும் கார்டு முழுவதையும் நிறம் மாற்றலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சஃபாரியில் 2022 மார்ச்சிலும் குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டிலும் வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரில்தான். நண்பரின் அம்மா வைத்திருப்பதோ ஐபோன் 6. ஐஓஎஸ் 12-க்கு மேல் அது ஏறாது. அதில் எந்த பிரௌசரைப் போட்டாலும் அடியில் ஓடுவது சஃபாரியின் எஞ்சினான ஆப்பிளின் வெப்கிட்தான், குரோம் போட்டும் பயனில்லை. ‘ஹேஸ்’ஸை மட்டும் நம்பினால், அம்மா பொங்கலைத் தொட்டால் தேர்வாகிவிடும், ஆனால் திரையில் அசைவே இருக்காது. மறுபடி மறுபடி தொடுவார். தவிர, ‘ஹேஸ்’ஸை மற்ற செலக்டர்களோடு (விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதி) கமா போட்டு எழுதினால், அதை அறியாத பிரௌசர் அந்த விதியையே முழுசாகத் தள்ளிவிடும், தனி விதியாக எழுத வேண்டும்.

ரேடியோவே வேண்டாம், டிவ்வும் (div, வெறும் பெட்டி) ஜாவாஸ்கிரிப்டும் போதுமே என்பார்கள். ரேடியோ இலவசமாகத் தருவதையெல்லாம் கையால் கட்ட வேண்டும், வேண்டாம்.

நான் வைத்துக்கொண்டது முதல் வழி, கார்டு நிறத்துக்கு மட்டும் மேலே ‘ஹேஸ்’. தேர்வைக் காட்ட ‘பாக்ஸ் ஷேடோ’வை (box-shadow, பெட்டியைச் சுற்றிய நிழல்) நம்பவில்லை, பார்வை மங்கியவர்களுக்கான விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் நிறங்களில் அது மறைந்துவிடும். தேர்வுக்கு பார்டர், ஃபோகஸுக்கு (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) அதற்கு வெளியே அவுட்லைன். இரண்டும் அங்கேயும் நிற்கும்.