அம்மாவின் இடுப்பு ஆபரேஷனும் ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டும்

இந்தத் தடவை ஊருக்குப் போனது அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக. அது நல்லபடியாக முடிந்தது, அம்மா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். வார்டு, நர்ஸ்கள், பிசியோதெரபி எதிலும் குறையில்லை, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேன். நீங்களும் லீவு போட்டு வந்து அப்பா அம்மாவுக்கு இந்த ஆபரேஷனைச் செய்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்திருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போன மருத்துவமனையில் எல்லாமே வேகம். நான் இருக்கும் நாட்டில் இந்த ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அந்த வாரமே தேதி தருகிறோம் என்றார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. டோக்கன், பெஞ்சு, பெயரைக் கூப்பிடும் குரல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதில் மாற்றமில்லை. மாறியிருப்பது கவுன்ட்டர். பளபளப்பான தாளை நீட்டி, செயற்கை மூட்டுக்குச் செராமிக் பந்தா உலோகப் பந்தா, இம்போர்ட்டட் வேண்டுமா என்று கேட்கிறார்கள். “எலும்பு எப்படி இருக்குன்னு பார்த்தாச்சா?” என்று கேட்டேன். “எக்ஸ்ரே எடுத்தாச்சே மேடம்” என்று பதில் வந்தது.

எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்ந்திருப்பது தெரியும். எலும்பு மெலிந்திருப்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது, சுமார் 30 சதவீதமாவது குறைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படும் என்பார்கள். அம்மாவுக்கு வயது 76, மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிட்டது, முன்பு ஒரு முறை வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவருக்கு அடர்த்தி ஸ்கேன் எடுக்காமல் தொடை எலும்புக்குள் செயற்கை மூட்டைத் தாங்கும் உலோகத் தண்டை இறக்குவதா என்று விடாமல் கேட்டேன். (நியாயமாகச் சொன்னால் வெளிநாட்டிலும் எல்லா இடத்திலும் இதைத் தானாகக் கேட்பதில்லை.) “அது பேக்கேஜ்ல வராது மேடம், வெளியில எடுத்துட்டு வந்துடுங்க” என்று ஒரு ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே நடந்ததுதான் விஷயம். டெக்ஸா என்கிற இந்த அடர்த்தி ஸ்கேன் வலியில்லாதது, கால் மணி நேரத்து வேலை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. இடுப்பை எடுக்கும்போது மட்டும் காலை உள்பக்கமாக 15 முதல் 20 டிகிரி வரை திருப்பி வைக்க வேண்டும், அதற்கென்று பாதத்தைக் கட்டி வைக்கும் ஒரு சாதனமே இருக்கும். தேய்ந்த மூட்டுக்கு முதலில் போவதே இந்த உள்பக்கத் திருப்பம்தான். ஸ்கேன் எடுக்கும் பையன் அம்மாவின் வலது காலை, அதாவது ஆபரேஷன் செய்ய வேண்டிய அதே காலைத் திருப்பப் பார்த்தான், அம்மா கத்திவிட்டார். நான் இடது காலை எடுங்கள் என்றேன். “சீட்டுல வலது இடுப்புன்னுதான் இருக்கு மேடம்.” மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். அதெல்லாம் பழக்கமில்லை என்பது போல் ஒரு பார்வை. கடைசியில் கால் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துவிட்டு, முதுகெலும்பையும் எடுத்து, சாயங்காலம் ரிப்போர்ட் கொடுத்தார்கள். டி-ஸ்கோர் என்பது இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸில் இறங்க இறங்க எலும்பு மெலிவு. முதுகெலும்பு டி-ஸ்கோர் -0.6, வலது இடுப்பு -0.9. கீழே தடித்த எழுத்தில் ‘நார்மல்’.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தம்பிக்கு நிம்மதி, கவுன்ட்டரில் அதைவிட நிம்மதி. சிமென்ட் (தண்டை எலும்புக்குள் நிலைநிறுத்த வைக்கும் கலவை) இல்லாத தண்டே போதும், அதுதான் இப்போது எல்லோரும் போடுவது, எலும்பு நன்றாக இருக்கிறதே என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறொரு மருத்துவமனையில் இன்னொரு சர்ஜனிடம் போனோம், இந்தப் பயணத்தில் நான் மறக்காத மனிதர் அவர்தான்.

அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. ரிப்போர்ட்டின் மூலையில் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்தார். தொடை எலும்பின் உள்பக்கத்தில் ஒரு சிறு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்பதைக் காட்டி, “கால் திரும்பலைன்னா இது இப்படித்தான் பெரிசாத் தெரியும், கழுத்துப் பகுதி குறுகி விழும், அடர்த்தி இருக்கிறதைவிட அதிகமாக் காட்டும்” என்றார். அடுத்து முதுகெலும்பு. வயதானவர்களுக்கு அங்கே எலும்பு முளைகள் வளர்ந்திருக்கும், மெஷின் அதையும் சேர்த்து எண்ணிவிடும், அதனால் அந்த எண்ணையும் நம்ப முடியாது. அம்மாவிடம் திரும்பி, “இன்னொரு தரம் எடுக்கணும்மா, இடது இடுப்பும் முன்கையும். வலிக்காது” என்றார். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு நிதானமாக. நான் இருக்கும் ஊரில் டாக்டர்கள் நன்றாகப் பேசுவார்கள்தான், ஆனால் ஒதுக்கிய நேரம் முடிந்ததும் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். இவர் எங்களை உட்கார வைத்து, பேப்பரில் வரைந்து, அம்மாவுக்குப் புரியும்வரை சொன்னார்.

மறு ஸ்கேனில் இடது தொடை எலும்பின் கழுத்து -2.8, முன்கை -3.1. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்கில் -1 வரை இயல்பு, -2.5ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். ஒரே உடம்பு, ஒரே வாரம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சிமென்ட் இல்லாத தண்டை எலும்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்குகிறார்கள். முதல் சில வாரம் அந்த இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம், அப்புறம்தான் எலும்பு அதன் சொரசொரப்பான மேற்பரப்புக்குள் வளர்ந்து நிரந்தரமாகப் பற்ற வேண்டும். அந்த நாட்களில் தண்டு சுமார் 50 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அசைந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டி ஆடினால் எலும்புக்குப் பதில் நார்த் திசு வளரும், தண்டு கடைசிவரை ஆடிக்கொண்டே இருக்கும், வலியும் போகாது. எலும்பு மெலிந்திருந்தால் பிடிமானம் குறையும். பிடிக்கட்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தால் எலும்பே விரியும். உதிர்கிற மண் சுவரில் ஆணி அடிப்பது போலத்தான். ஆபரேஷன் மேசையிலேயே விரிசல் விடலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் ஒரு சின்ன வழுக்கலில் தண்டைச் சுற்றி உடையலாம், அதைச் சரி செய்வது முதல் ஆபரேஷனைவிடப் பெரிய வேலை.

அதனால் அம்மாவுக்கு எலும்பு சிமென்ட் வைத்துத் தண்டைப் பொருத்தினார். 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் பிரபலமாக்கிய முறை. அது பசை இல்லை, எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து கெட்டியாகி இடைவெளியை நிரப்புவது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், எலும்பு வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பந்து உட்காரும் இடுப்புக் கிண்ணத்துக்கு மட்டும் சிமென்ட் இல்லாமல் ஸ்க்ரூ. கவுன்ட்டரில் சிமென்ட் என்றாலே பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள், எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஸ்வீடன் 1979 முதல், ஆஸ்திரேலியா 1999 முதல், இங்கிலாந்து 2003 முதல் ஒவ்வொரு இடுப்பு மாற்றையும் பதிவு செய்கின்றன. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சிமென்ட் வைத்த தண்டில் மறு ஆபரேஷன் குறைவு என்பதை அந்தப் பதிவேடுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சிமென்ட்டிலும் ஆபத்து உண்டு. அதை அழுத்தும் நேரத்தில் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கலாம், அதனால் இதயத்தை முன்பே பரிசோதித்தார்கள், மயக்க மருந்து டாக்டரும் எங்களிடம் தனியாகப் பேசினார்.

பொருத்தியதோடு முடிந்ததா என்றால் இல்லை. தண்டின் உலோகம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பு, பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். பாரம் வராத எலும்பு கரையும் என்று ஜெர்மன் சர்ஜன் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதி வைத்த கணக்கு. தண்டின் மேல்பகுதியில், உள்பக்கமாக, முதல் வருடத்தில்தான் இந்தக் கரைசல் அதிகம். ஆகவே மருந்தும் அவசியம். அம்மாவுக்கு வைட்டமின் டி மிகவும் குறைவு, முதலில் அதை ஏற்றினார்கள், சிறுநீரகமும் பல்லும் பார்த்தார்கள், பிறகுதான் எலும்பு கரைவதைத் தடுக்க வருடத்துக்கு ஒரு முறை போடும் சோலெட்ரானிக் அமில ஊசி. முதல் மருத்துவமனையில் இந்தப் பேச்சே எழவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று இம்ப்ளான்ட் ஸ்டிக்கர்களின் நகல் கேட்டேன். பெட்டியில் வருவதுதான், கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும், நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் இந்த இடுப்பைத் தொட வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். கொடுக்கும் வழக்கமில்லை என்றார் கிளார்க். நம்முடைய நல்ல டாக்டர் போனில் ஒரு வார்த்தை சொன்னதும் வந்தது. அந்த நகலையும் இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தம்பியிடம் ஒரே ஃபைலில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருட ஸ்கேனை அதே இடத்தில், அதே மெஷினில், இடது இடுப்பிலும் முன்கையிலும்தான் எடுக்க வேண்டும், மெஷின் மாறினால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. முதல் சென்டர் வீட்டுக்குப் பக்கம், பார்க்கிங்கும் உண்டு என்று தம்பி இழுக்கிறான். போன் போடும்போதெல்லாம் வேண்டாம்டா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.