பழைய பாய்மரப் படகின் சுக்கானைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

படகை வாங்கிய விலையில் பாதி. அவ்வளவு பணத்தைச் சுளையாக வாங்கிக்கொண்டு, என் சுக்கானுக்குப் பட்டி பூசி வர்ணம் அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் ஒரு படகுப் பட்டறைக்காரர். நேற்றுதான் அதை அறுத்துப் பார்த்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என்னுடையது பழைய ஃபைபர் படகு. கரையேற்றியபோது சுக்கான் பலகையின் அடி விளிம்பிலிருந்து பழுப்பு நீர் கசிந்துகொண்டே இருந்தது. இந்த வகைச் சுக்கானில் இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரை, அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு. தண்டோடு பற்றவைத்த தகடுகள்தான் பலகையைத் திருப்புகின்றன. தண்டு நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் போதும், தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பாதீர்கள். காற்றுப் படாமல் தேங்கிய உப்புநீரில் அதன் காப்புப் படலம் சிதைந்து, பற்றவைத்த இடமாகப் பார்த்து அரிக்கும்.

இதையெல்லாம் அந்த ஆளே எனக்கு விளக்கினார். அதனால்தான் நம்பினேன். சுத்தியலின் மரப்பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்து, ஓசை மந்தமான இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டார். தகடுகள் உள்ளே எங்கே இருக்கும் என்று கோடு போட்டும் காட்டினார். "ஒரு பக்கத்து ஃபைபரை முழுக்கப் பிரித்துவிடுவேன் சார். நனைந்த நுரையை எடுத்து, காயவைத்து, உப்புநீரை அதிகம் தாங்கும் 316 ரக ஸ்டீலில் புதுத் தகடு பற்றவைத்து, எபாக்சி பிசின் போட்டு மூடித் தருகிறேன்" என்றார். பொருள் வாங்க வேண்டும் என்று முழுத் தொகையையும் முன்னதாகவே கேட்டார். வேலை தெரிந்தவர் கேட்கிறார் என்று கொடுத்தேன். படகின் பாதி விலை!

திரும்பி வந்த சுக்கானில் முகம் பார்க்கலாம். இளங்காற்றில் ஒரு குறையும் தெரியவில்லை. பின்னாலிருந்து அலை தூக்கிய நாளில்தான் வேடம் கலைந்தது. சுக்கான் பிடியை முழுக்கத் தள்ளுகிறேன், தண்டு மட்டும் சுழல்கிறது, படகு தன் போக்கில் போகிறது. பாயைச் சுருக்கி, கயிற்றில் கட்டிய வாளியைப் பின்னால் இழுத்து, அதை இடமும் வலமும் மாற்றி மாற்றித்தான் துறைக்குள் வந்து சேர்ந்தோம்.

அறுத்துப் பார்த்தால் அதே பழைய நுரை, பிழிந்தால் நீர். தகடுகள் தண்டிலிருந்து விட்டுத் தனியே கிடக்கின்றன. புதுத் தகடும் இல்லை, புதிய பற்றவைப்பும் இல்லை. விளிம்பு விரிசலை மட்டும் பட்டியால் அடைத்திருக்கிறார்.

தொலைபேசியில் கேட்டேன். "பாறையில் இடித்திருப்பீர்கள்" என்றார். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை என்றதும், "பழைய படகு என்றால் அப்படித்தான் சார்" என்றார். படங்களை அனுப்பினேன். "யாரைக் கேட்டு அறுத்தீர்கள்? அறுத்த பிறகு நான் பொறுப்பில்லை." அறுக்காமல் எப்படித் தெரியுமாம்? இப்போது எடுப்பது ஒரு பையன். முதலாளி வெளியே போயிருக்கிறாராம், எப்போது கேட்டாலும் வெளியேதான்! படகின் பாதி விலையை விழுங்கியவருக்குப் பட்டறையில் உட்கார நேரமில்லை போலும்.

எப்படிப் பழுதுபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இவற்றையாவது செய்யுங்கள். பிரித்துப் போட்ட நிலையில் நேரில் போய்ப் பாருங்கள். பற்றவைப்பைப் பார்க்காமல் மூட விடாதீர்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுங்கள், ஊறிய நுரை எடையில் தெரிந்துவிடும். தண்டை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பலகையை இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் வாங்காதீர்கள். பணத்தில் பெரும்பகுதியை அதற்குப் பிறகு கொடுங்கள். பளபளப்பான வர்ணத்துக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.