பவர் ஆஃப் எங்கே? ஒன்றரை ஆண்டு அனுபவம்

2011-இல் க்னோம் 3 வந்து, என் லினக்ஸ் மடிக்கணினியின் டெஸ்க்டாப் அடியோடு மாறியது. புதிய தோற்றம் எனக்குப் பிடித்தே இருந்தது. கணினியை அணைக்கப் போனபோதுதான் தொல்லை தொடங்கியது. வலது மூலையில் என் பெயரைச் சொடுக்கினால் திறக்கும் மெனுவில் கணினியைத் தூங்கவைக்கும் 'சஸ்பெண்ட்' மட்டும் இருந்தது. 'பவர் ஆஃப்' இல்லை. அன்று லாக் அவுட் செய்து, உள்நுழைவுத் திரைக்குப் போய் அங்கிருந்து அணைத்தேன்.

மெனு திறந்திருக்கும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் 'சஸ்பெண்ட்' மறைந்து அதே இடத்தில் 'பவர் ஆஃப்' வரும். இது தெரியவே எனக்குச் சில நாள்கள் ஆயின. திரையில் அதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. தினமும் தேவைப்படும் ஒன்றை இப்படி ஒளித்துவைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சஸ்பெண்ட் வேறு, அணைப்பது வேறு. சஸ்பெண்டில் செயலி (பிராசசர்) ஓய்ந்துவிடும், வட்டு நின்றுவிடும். ஆனால் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காமல் வைத்தது எல்லாம் போய்விடும். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துபோகும் ஹைபர்னேட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. அதுவும் மெனுவில் இல்லை.

ஒருநாள் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பைக்குள் கைவிட்டபோது, சுட்டது. விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. திறந்தால் திரை கறுப்பு. எந்த விசைக்கும் அசையவில்லை. பவர் பொத்தானை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்தேன். எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் இரண்டு பக்கம் போயிற்று. பிறகு, கணினி தன் செயல்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைப் பார்த்தேன். சஸ்பெண்டுக்குப் போகும் வழியிலேயே, திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் சிக்கி நின்றிருந்தது.

வடிவமைத்தவர்களின் எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை. கைப்பேசியை யாரும் அன்றாடம் அணைப்பதில்லை. கணினியும் மூடினால் தூங்கி, திறந்தால் விழிக்கட்டும் என்று நினைத்தார்கள். டிரைவர் ஒத்துழைக்கும் கணினியில் அது சுகமான ஏற்பாடு. ஒத்துழைக்காத கணினியை வைத்திருப்பவருக்கு மாற்று வழி கண்முன்னே இருக்க வேண்டாமா?

மூடியின் கதை இதைவிட மோசம். மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்பு நாமே தேர்ந்தெடுக்கலாம். புதிய அமைப்புகளில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இரவு பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்க விட்டு, பழக்கத்தில் மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மூடிய இடத்திலேயே நின்றிருந்தது. தனியாக ஒரு கருவியை நிறுவித்தான் அதை மாற்ற முடிந்தது.

மெனுவைச் சரிசெய்ய ஒரு நீட்சி, அதாவது டெஸ்க்டாப்புடன் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல், கிடைத்தது. நிறுவியதும் சஸ்பெண்ட், ஹைபர்னேட், பவர் ஆஃப் மூன்றும் வரிசையாக வந்து நின்றன. அடுத்த பதிப்புக்கு மாறியதும் நீட்சி வேலை செய்யவில்லை. புதியது வரும்வரை மறுபடியும் ஆல்ட். சில நாள்களில் வெறுத்துப்போய், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து 'பவர்ஆஃப்' என்று தட்டியே அணைத்தேன்.

2012 இலையுதிர் காலத்தில் வந்த பதிப்பில் 'பவர் ஆஃப்' மெனுவுக்குத் திரும்பியது. சொடுக்கினால், 60 விநாடியில் அணையும் என்று அறிவிக்கும் பெட்டி ஒன்று வரும். மனம் மாறினால் ரத்து செய்துவிடலாம். அது நல்ல ஏற்பாடு. ஹைபர்னேட் மட்டும் வரவில்லை. அதற்காகவே அந்த நீட்சியை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறேன்.